புது போன் கையில் சுடுகிறது: கடைக்குப் போகவா, செட்டிங்ஸுக்குப் போகவா?

கேள்வி: ஆறு வருடம் ஓடிய பழைய போனின் திரை போய்விட்டதால், போன வாரம் 15,500 ரூபாய்க்குப் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். பேசுவது, வாட்ஸ்அப், பாட்டு, பேரனோடு வீடியோ கால், இவ்வளவுதான் என் தேவை. 128 ஜிபி என்றார்கள். நான் எதையும் ஏற்றுவதற்கு முன்பே 20 ஜிபிக்கு மேல் போயிருக்கிறது. லாக் ஸ்கிரீனில் விளம்பரம் வருகிறது. முதல் இரண்டு நாள் கையில் சுட்டது. போதாததற்கு, நான் பேசுவது விட்டு விட்டுக் கேட்கிறது என்கிறாள் மகள். கடையில் கேட்டால், 'விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். ஏமாந்துவிட்டேனா?
வாசகர், திருச்சி

பதில்: ஏமாறவில்லை ஐயா. நீங்கள் சொன்ன நான்கில் மூன்று, வீட்டில் உட்கார்ந்தபடியே தீர்கிற விஷயம். குரல் சமாச்சாரத்துக்கு மட்டும் அவசரம் உண்டு, அதனால் அதை முதலில் பார்ப்போம்.

போனில் இருக்கும் ரெக்கார்டரில் அரை நிமிடம் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். பிறகு பின்பக்கக் கவரைக் கழற்றிவிட்டு மறுபடி பேசுங்கள். கவர் இல்லாமல் பளிச்சென்று கேட்டால் குற்றவாளி கவர்தான். சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கும், மைக் அதற்குள் இருக்கிறது. கவரின் ஓட்டை அந்த இடத்தில் கொஞ்சம் தள்ளியிருந்தாலே குரல் அமுங்கிவிடும். சிம் தட்டின் துளை என்று நினைத்து அதில் ஊசியை விட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை விட்டேன். அப்புறம் அந்த போனில் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேச முடிந்தது, தெருவே கேட்டது.

பதிவு சுத்தமாக இருக்கிறது, போன் பேசும்போது மட்டும் உடைகிறது என்றால் வைஃபையில் வாட்ஸ்அப் மூலம் மகளைக் கூப்பிட்டுப் பாருங்கள். அதில் சரியாகக் கேட்டால் சிக்னலைத்தான் சந்தேகிக்க வேண்டும். எல்லாவற்றிலும் உடைந்தால் மைக் கோளாறுதான். கடைக்காரரோடு மல்லுக்கு நிற்காமல் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். 'சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு சார், இனி சரியா இருக்கும்' என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். தேதியும் கோளாறும் எழுதிய ஜாப் ஷீட் கைக்கு வராமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

அந்தக் காகிதம் கையில் இருந்தால் கடையின் 'வாபஸ்' வரிக்கு மதிப்பில்லை. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறை என்றால் குறைதான். நிறம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் இதில் வராது. கடை மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

பில் என்று நீங்கள் சொல்வது ஜிஎஸ்டி எண் போட்ட பில்தானே? 'எஸ்டிமேட்' என்ற துண்டுச் சீட்டாக இருந்தால் இன்றே போய் மாற்றி வாங்குங்கள். *#06# அழுத்தினால் உங்கள் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். பெட்டியிலும் பில்லிலும் அதே எண்தானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

மற்ற மூன்றும் சில்லறை. போன கொள்ளளவில் பெரும்பங்கு ஆண்ட்ராய்டுக்கும் கூடவே வந்த ஆப்களுக்கும். வேண்டாத விளையாட்டு, ஷாப்பிங் ஆப்களை நீக்குங்கள். நீக்க முடியாதவற்றை முடக்கி வையுங்கள். லாக் ஸ்கிரீன் விளம்பரத்துக்குக் காரணம், முதல் நாள் அவசரத்தில் நாம் எல்லாவற்றுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்தியதுதான். செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் பகுதிக்குப் போய், தானாகப் படம் மாறும் வசதியை அணைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். சூடு, பழைய போட்டோக்களும் ஆப்களும் ஒரே மூச்சில் இறங்கியதால் வந்திருக்கும். சும்மா மேஜையில் கிடக்கும்போதும் சுட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: பெட்டியில் '16 ஜிபி ரேம்' என்று பெரிதாகவும், '8+8' என்று பொடி எழுத்திலும் இருக்கிறது. எது நிஜம்?
வாசகி, சேலம்

பதில்: பொடி எழுத்து. நிஜ ரேம், அதாவது ஆப்கள் ஓடும்போது போன் பயன்படுத்தும் வேகமான நினைவகம், 8 தான். மீதி 8, போனின் சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்குவது, ரேமைவிட ரொம்ப மெதுவானது. வாட்ஸ்அப், யூடியூபுக்கு அசல் 8 தாராளம். அந்த வசதியை அணைத்துவிட்டால் இடமாவது மிச்சமாகும்.

கேள்வி: புது போனை முதலில் எட்டு மணி நேரம் சார்ஜில் போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். பெட்டியில் சார்ஜரே இல்லை, எதை வாங்குவது?
வாசகர், நாகர்கோவில்

பதில்: எட்டு மணி நேரக் கணக்கு பழைய நிக்கல் பேட்டரிக் காலத்தது. இப்போதைய லித்தியம் அயனுக்கு அது தேவையில்லை, வந்த அளவிலேயே பயன்படுத்தத் தொடங்கலாம். சார்ஜர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிட்டதாகப் பாருங்கள். கடையில் நின்றபடியே பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, என்ன பொருள் என்று வந்துவிடும். கையில் இருக்கும் சார்ஜரோடு அது ஒத்துப்போகாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.