சவரிமுத்து என்றால் என்ன?

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. ஞானஸ்நானத்துக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். பெயருக்கு நல்ல அர்த்தம் இருக்க வேண்டும் என்பது மனைவியின் ஒரே நிபந்தனை. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் ஜான் என்றால் ‘கடவுளின் பரிசு’, ஆன்டனி என்றால் ‘பூ’ என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? தாத்தாவின் பெயரான சவரிமுத்துவை வைக்கச் சொல்கிறார் அப்பா. அதற்கு அர்த்தம் எதுவும் இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குழந்தைக்கும் தாய்க்கும் என் வாழ்த்துகள்.

அந்தப் பட்டியல்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஜான் என்பது எபிரேய மொழியின் யோகனான். ‘யாவே (கடவுள்) அருள்கூர்ந்தார்’ என்று பொருள். ‘கடவுளின் பரிசு’ வேண்டுமென்றால் மத்தேயு இருக்கிறது, கிரேக்கத்திலிருந்து வந்த தியோடர் இருக்கிறது. ஆன்டனி, அந்தோனியுஸ் என்ற பழைய ரோமானியக் குடும்பப் பெயர். கிரேக்கத்தில் ‘அந்தோஸ்’ என்றால் பூ. ஒலி ஒத்துப்போவதால் பிற்காலத்தில் அந்தப் பொருளை ஒட்டவைத்துவிட்டார்கள்.

சரி, நம் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களுக்கு வருவோம். அர்த்தம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். யோவானைத் தமிழில் அருளப்பர் என்றார்கள். மூலத்தில் உள்ள அருள் அப்படியே வந்துவிட்டது. பவுல் என்றால் லத்தீனில் ‘சிறியவர்’. அவர் சின்னப்பர் ஆனார். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் ‘மகுடம்’; அவர் முடியப்பர். பெனடிக்ட் என்றால் ‘ஆசி பெற்றவர்’. ஆசீர்வாதம் என்ற பெயர் அங்கிருந்து வருகிறது. திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வைத்த பெயர் லாசர். எலெயாசர் என்ற எபிரேயப் பெயரின் சுருக்கம் அது, ‘கடவுள் உதவினார்’ என்று பொருள். அதன் தமிழாக்கம்தான் தேவசகாயம். 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டதும் அந்தப் பெயரில்தான். மூலமொழிப் பொருளை அறிந்து, தமிழ்க் காதுக்குப் பழகிய சொல்லைத் தேடி வைத்தவர்களை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

எல்லாப் பெயர்களும் இப்படி மொழிபெயர்ந்து வரவில்லை. சில ஒலியாகவே வந்தன. போர்ச்சுகீசிய ஜோசேதான் நம் சூசை. மூலம் யோசேப்பு, ‘இன்னும் கூட்டித் தருவார்’ என்று பொருள். நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்த ராகேல், மகன் பிறந்ததும் இன்னொரு மகனையும் வேண்டி வைத்த பெயர் அது. சந்தியாகுவில் ‘புனித’ என்ற அடைமொழியே பெயருக்குள் கலந்துவிட்டது: சாந்த்தும் யாகுவும் சேர்ந்தது. அந்த யாகு, யாக்கோபு.

இப்போது உங்கள் தாத்தாவின் பெயர். சவரி என்பது சவேரியார், அதாவது சேவியர். அது முதலில் ஓர் ஊரின் பெயர். பாஸ்க் மொழியில் ‘எச்சே’ என்றால் வீடு, ‘பெரி’ என்றால் புதியது. இரண்டும் சேர்ந்து திரிந்து, இன்றைய ஸ்பெயினில் உள்ள நவார் நாட்டில் ஒரு கோட்டைக்கும் ஊருக்கும் பெயரானது. பிரான்சிஸ் சேவியர் 1506இல் பிறந்தது அந்தக் கோட்டையில். 1542இல் அவர் தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறைக்கு வந்து, முத்தெடுக்கும் மக்களோடு வாழ்ந்தார். முத்து அதற்கு முன்பே தமிழர் பெயர்களில் புழங்கிய சொல்தான். ஆனாலும் சவரியும் முத்தும் ஒட்டி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

சேவியர் என்று வைத்தாலும் மூலம் ஒன்றுதான். ஆனால் என்னிடம் கேட்டால் முழுதாகச் சவரிமுத்து என்றே வைக்கச் சொல்வேன். வீட்டில் கூப்பிட சவரி போதும். அர்த்தம் என்னவென்று மனைவி கேட்டால் சொல்லுங்கள்: புது வீடு, அப்புறம் ஒரு முத்து.