வெஸ்ட் பொயின்டின் சில்வானஸ் தேயரிடம் ஓர் ஆசிரியர் எதைக் கற்கலாம்?

கேள்வி: இராணுவப் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் ஆரம்பகால அதிபர் எவருடைய வாழ்க்கையிலாவது, சாதாரணப் பாடசாலை ஆசிரியர்களுக்குப் பயன்படக்கூடிய விடயம் உண்டா?

உண்டு என்பதே என் பதில். அப்புத்தளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நான் கணிதம் கற்பிக்கிறேன். தியத்தலாவை இராணுவப் பயிற்சி முகாம் அருகிலேயே இருப்பதால், இராணுவக் கல்வி என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு அணிவகுப்பும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ட் கல்லூரியை 1817 முதல் 1833 வரை நடத்திய சில்வானஸ் தேயர், தமது கல்லூரியைக் கணிதத்தின் மீதே கட்டி எழுப்பியவர்.

1785இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் பிரெயின்ட்ரீயில் பிறந்த அவர், டார்ட்மத் கல்லூரியில் முதல்வராகத் தேறி, பின்னர் வெஸ்ட் பொயின்டில் சேர்ந்து 1808இல் வெளியேறினார். சில காலம் அங்கேயே கணிதமும் கற்பித்தார். பிரித்தானியாவுடன் 1812இல் தொடங்கிய போரில் பொறியியல் அதிகாரியாகப் பணியாற்றிய பின், 1815இல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, பாரிஸின் எக்கோல் பொலிடெக்னிக் போன்ற நிறுவனங்களின் கற்பித்தல் முறையைப் பார்த்தறிந்து, ஏராளமான நூல்களோடும் வரைபடங்களோடும் திரும்பினார்.

அவர் பொறுப்பேற்றபோது, 1802இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி ஒழுங்கின்றிக் கிடந்தது. தேயருக்கு முன் அதிபராக இருந்து பதவியை இழந்த ஆல்டன் பார்ட்ரிட்ஜ் சில வாரங்களிலேயே திரும்பி வந்து, நிர்வாகத்தைத் தாமே பிடித்துக்கொள்ள, இராணுவ நீதிமன்றம் வரை விடயம் போனது. (அதே பார்ட்ரிட்ஜ் 1819இல் வெர்மொன்டில் தொடங்கிய கல்லூரியே இன்றைய நோர்விச் பல்கலைக்கழகம் என்பதால், அவரையும் வெறும் வில்லனாக எழுதிவிட முடியாது.)

தேயர் செய்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது வகுப்பறை ஒழுங்கு. மாணவர்களைத் திறமை அடிப்படையில் சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு மாணவனும் முதல் நாளே பாடத்தைப் படித்து வந்து, கரும்பலகையின் முன் நின்று கணக்கைச் செய்து, ஏன் அப்படிச் செய்தான் என்பதையும் வாயால் விளக்க வேண்டும். அதற்கு அன்றன்றே புள்ளி உண்டு. வாராவாரம் அறிக்கை அதிபரின் மேசைக்குச் செல்லும். கரும்பலகையை அங்கே ஏற்கெனவே பயன்படுத்தி வந்தவர் பிரான்சிலிருந்து வந்த ஆசிரியர் குளோட் குரோசே. அதைக் கல்லூரி முழுவதற்குமான நடைமுறையாக்கியவர் தேயர். நாற்பது பேர் கொண்ட என் வகுப்பில் தினமும் எல்லாரையும் எழுப்ப முடியாது. ஆயினும் விடையைப் பார்த்து எழுதிய பிள்ளை, சோக்கட்டியைக் கையில் பிடித்ததும் சமன்பாட்டின் இரண்டாம் வரியிலேயே திணறி நிற்பதைக் காணும்போது, அவர் ஏன் வாய்மொழி விளக்கத்தை வற்புறுத்தினார் என்பது எனக்கு விளங்குகிறது.

வீட்டிலிருந்து பணம் பெறுவதையும் அவர் தடை செய்திருந்தார். செனட்டரின் மகனும் விவசாயியின் மகனும் ஒரே மாதப்படியிலேயே வாழ வேண்டும். யார் முன்னே, யார் பின்னே என்பதைப் புள்ளிப் பட்டியல் மட்டுமே சொல்ல வேண்டும். லயன் வீட்டுப் பிள்ளையும் கடை முதலாளியின் பிள்ளையும் ஒரே வாங்கில் அமரும் இடத்தில் கற்பிப்பவர்களுக்கு இதன் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய கண்டிப்பில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சிறு தவறுகளுக்கெல்லாம் குறைபுள்ளி இடும் முறையும் ஓயாத கண்காணிப்பும் மாணவர்களுக்கு மூச்சு முட்ட வைத்திருக்கும். 1826 நத்தார் இரவில், தடை செய்யப்பட்ட மதுவை உள்ளே கொண்டுவந்து மாணவர்கள் நடத்திய கலவரமும், அதையடுத்துப் பலர் விலக்கப்பட்டதும் அதற்குச் சான்று. பின்னாளில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் ஜனாதிபதியான ஜெபர்சன் டேவிஸும் அன்று அதில் மாட்டிக்கொண்ட மாணவர்தான்; ஆனால் விலக்கப்படவில்லை.

இருந்தும், அவருடைய முடிவு அவரை உயர்த்துகிறது. ஜனாதிபதி அன்ட்ரூ ஜக்சனின் காலத்தில், கல்லூரி விலக்கிய மாணவர்கள் மேலிடத்தில் ஆளைப் பிடித்து மீண்டும் உள்ளே வரத் தொடங்கினார்கள். அதிபரின் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் நாற்காலியைக் காத்துக்கொண்டிருக்க விரும்பாத தேயர், 1833இல் பதவியை விட்டு விலகினார். இங்கும் கடிதத்தோடு வரும் அனுமதிகளையும் இடமாற்றங்களையும் பார்த்தவர்களுக்கு அந்த நிலைமை புதிதல்ல. விலகிப் போகும் துணிவுதான் அரிது.

அதன் பின் அவர் சுமார் 30 ஆண்டுகள் பொஸ்டன் துறைமுகக் கோட்டைகளைக் கட்டுவதில் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1867இல் 40,000 டொலர் கொடுத்து டார்ட்மத்தில் பொறியியல் கல்லூரி ஒன்றுக்கு அடித்தளமிட்டார். 1872இல் இறந்தபின், அவரது சொத்திலிருந்து பிரெயின்ட்ரீயிலும் ஒரு பாடசாலை எழுந்தது.

அவருடைய முறையை அப்படியே இங்கு கொண்டுவரலாமா என்று கேட்டால், கரும்பலகை விளக்கத்தையும் அன்றன்றைய சிறு மதிப்பீட்டையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்பேன். தரவரிசையை எல்லாரும் பார்க்கச் சுவரில் ஒட்டுவதை மட்டும் நான் செய்வதில்லை. பின்தங்கிய பிள்ளை மறுநாள் பாடசாலைக்கே வராமல் போகக்கூடும்.