குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: ஜிம்மில் சேர்ந்து, சாப்பாட்டையும் குறைத்து, ஆறு மாதத்தில் 12 கிலோ இளைத்தேன். நினைத்த எடை வந்ததும் பயிற்சியை நிறுத்தினேன். ஒரே ஆண்டில் ஒன்பது கிலோ ஏறிவிட்டது. என் உடல்வாகே இப்படி என்றால் உடற்பயிற்சியால் என்ன பயன்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உடல்வாகின் மீது பழி போடாதீர்கள். பயிற்சி மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அதைக் கைவிட்டுவிட்டீர்கள். இளைத்த உடல், ஓய்வில் இருக்கும்போதும் முன்பைவிடக் குறைவான கலோரிகளையே எரிக்கிறது, பசியோ கூடுகிறது. ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை, ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு கெவின் ஹால் குழுவினர் பரிசோதித்தார்கள். அவர்களுடைய உடல் ஓய்வில் நாளொன்றுக்கு எதிர்பார்த்ததைவிடச் சராசரியாக 500 கலோரி குறைவாகவே செலவிட்டது என்று 2016இல் தெரியவந்தது. அவர்களிலும் எடையைப் பெருமளவு காத்துக்கொண்டவர்கள், உடலுழைப்பை மற்றவர்களைவிட அதிகமாகக் கூட்டியிருந்தவர்களே.

எடையைக் குறைப்பதில் உணவுக்குத்தான் பெரும்பங்கு. அரை மணி நேர நடையில் செலவாகும் ஆற்றலை இரண்டு மெதுவடைகள் ஈடுகட்டிவிடும். குறைத்ததைத் தக்கவைப்பதில்தான் உடற்பயிற்சியின் அருமை தெரிகிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டாவது அப்படியே வைத்திருப்பவர்களை 1994 முதல் பதிவுசெய்து வரும் அமெரிக்கத் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், பத்தில் ஒன்பது பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்கள். அவர்கள் அதிகமாகச் செய்யும் பயிற்சி நடைதான்.

‘மூன்று மாதத்தில் பத்து கிலோ’ என்று தவணை குறித்து விற்கும் விளம்பரங்கள், பயிற்சிக்கு ஒரு முடிவுநாள் உண்டு என்ற எண்ணத்தை வளர்த்துவிட்டன. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதையும் நம்பாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்து ஃபிலிப்பா லாலி குழுவினர் நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்குப் பல மாதங்கள் தேவைப்பட்டன. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே கல்யாண வீட்டில் இரண்டு நாள் விட்டுப்போனால், அடுத்த திங்கட்கிழமைக்கோ தை மாதத்துக்கோ தள்ளிப்போடாமல் மறுநாளே தொடங்குங்கள்.

காலையில் பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்ட கையோடு, வீட்டுக்குள் திரும்பாமல் அப்படியே நடக்கத் தொடங்குங்கள். வாசலுக்கு வரும்போதே காலில் ஷூ இருக்கட்டும். உடம்பு முடியாத நாளில் பத்து நிமிடம் போதும். ஐப்பசி மழையில் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். முதலில் அந்த நேரம் நிலைக்கட்டும், பிறகு நிமிடங்களைக் கூட்டி ஒரு மணி நேரத்தை எட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்யுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். இரண்டு கிலோ கூடினால், ஒன்பதாகும் வரை காத்திராமல் அந்த வாரமே சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்யுங்கள்.