தாது இருந்தால் போதுமா?

கேள்வி: ஒரு நாட்டு மண்ணில் லித்தியம் இருப்பது உறுதியாகிவிட்டால், சுரங்கம் முதல் மறுசுழற்சி வரை மின்கலத் தொழில் முழுவதையும் அந்நாடே நடத்திக்கொள்ளலாமே? அரசுகளுக்கு ஏன் இத்தனை தயக்கம்?

பதில்: பொலிவியாவைப் பாருங்கள். உலகிலேயே மிகப் பெரிய லித்திய வளங்களுள் ஒன்று அதன் உயுனி உப்புவெளியில் கிடக்கிறது. ஆனால் அங்கு லித்தியம் கரைந்திருக்கும் உவர்நீரில் மக்னீசியம் மிகுதி, அதைப் பிரித்தெடுப்பது பெருஞ்செலவு. பல ஆண்டு முயற்சிக்குப் பின்னும் உலகச் சந்தையில் அந்நாட்டுக்குச் சொல்லத்தக்க பங்கு இல்லை. சீனாவோ ஆஸ்திரேலியத் தாதுவைக் கப்பல் கப்பலாக வாங்கிக்கொண்டே உலக லித்தியச் சுத்திகரிப்பில் பாதிக்கும் மேலானதைத் தன் கையில் வைத்திருக்கிறது.

நீங்கள் சுரங்கத்தையும் மறுசுழற்சியையும் சொன்னீர்கள். நடுவில் இருப்பதைத் தாண்டிவிட்டீர்கள். பாறையிலிருந்து பிரித்த ஸ்போடுமீன் என்னும் லித்தியத் தாதுவின் செறிவை ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுத்து, கந்தக அமிலத்தில் வினைப்படுத்தி, 99.5 சதவீதத் தூய்மையுள்ள லித்தியம் கார்பனேட்டாகவோ அதற்கு இணையான ஹைட்ராக்சைடாகவோ மாற்றினால்தான் கேத்தோடு, அதாவது மின்கலத்தின் நேர்முனை, தயாரிப்பவர் அதைத் தொடுவார். ஆனோடுக்கு, அதாவது எதிர்முனைக்கு, வேண்டிய கிராஃபைட்டைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. மின்கலத்தில் லித்தியத்தைவிடப் பல மடங்கு எடை அதற்குத்தான். செயற்கை கிராஃபைட் செய்ய ஏறத்தாழ 3,000 டிகிரி வெப்பம் வேண்டும், அதற்கேற்ற மலிவான மின்சாரமும் வேண்டும். இத்துறையில் சீனாவின் ஆதிக்கம் எவ்வளவு என்பது, 2023 டிசம்பரில் அது கிராஃபைட் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றபோது மற்ற நாடுகளுக்கு உறைத்தது.

பணம் இருந்தால் இதையெல்லாம் வாங்கிவிடலாம் என்பீர்கள். பெரும் முதலீட்டோடு மின்கல ஆலை கட்டிய ஸ்வீடனின் நார்த்வோல்ட், உற்பத்தியைத் திட்டமிட்ட அளவுக்கு உயர்த்த முடியாமல் 2025 மார்ச்சில் திவாலானது. சுரங்கம் திறக்கவே பல ஆண்டுகள் ஆகும். லித்தியத்தின் விலையோ 2022 இறுதியில் உச்சத்தைத் தொட்டு, இரண்டே ஆண்டுகளுக்குள் முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. தயக்கத்திற்கு இது நியாயமான காரணம்தான்.

மறுசுழற்சியிலும் இதே சிக்கல் இருக்கிறது. வாகன மின்கலம் பத்தாண்டுகளுக்கு மேலும் உழைக்கக்கூடியது என்பதால், மறுசுழற்சி ஆலைக்குத் தொடக்கத்தில் வந்து சேர்வது பெரும்பாலும் மின்கல ஆலைகளின் உற்பத்திக் கழிவே. மின்கல ஆலை இல்லாத நாட்டில் அதுவும் கிடையாது. மின்கலங்களை அரைத்துப் பிரித்தெடுக்கும், உலோகங்கள் கலந்த கருந்தூளைக் கரைத்து உலோகங்களைத் தனித்தனியே மீட்கும் வேதியியல் ஆலை இல்லையென்றால், அந்தத் தூளையும் வெளிநாட்டுக்குத்தான் விற்க வேண்டும். இரும்பு பாஸ்பேட் வகை மின்கலத்தில் விலைமிக்க கோபால்ட்டும் நிக்கலும் இல்லை. ஆகவே மீட்பவருக்கு வருமானமும் குறைவு. இதை உணர்ந்துதான் ஐரோப்பிய ஒன்றியம், 2031 ஆகஸ்ட் முதல் புதிய வாகன மின்கலங்களிலுள்ள லித்தியத்தில் 6 சதவீதமாவது மீட்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று 2023-இல் விதி செய்தது.

அரசு தயங்குவது தவறன்று. சுரங்க ஏலத்தை அவசரமாக அறிவித்துவிட்டு, சுத்திகரிப்பு ஆலைக்கான கோப்பைத் தூங்கவிடுவதுதான் தவறு. தாதுவை இறக்குமதி செய்தாவது அந்த ஆலையை முதலில் கட்டட்டும்.