ஆன்லைன் ஆர்பிஜி விளையாட்டில் எந்த கிளாஸ் எடுப்பது? பேட்ச்சுக்குப் பேட்ச் ‘டாப்’ கிளாஸ் மாறிக்கொண்டே இருக்கிறதே?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் புதிதாக ஆரம்பிக்கப் போகிறீர்கள், டியர் லிஸ்ட் (எது பலம், எது பலவீனம் என்ற தரவரிசை) பார்த்து ஒரு கிளாஸை, அதாவது வீரர், மந்திரவாதி போன்ற கேரக்டர் வகையை, முடிவு செய்வதற்குள் அடுத்த பேட்ச் (விளையாட்டில் செய்யும் திருத்தம்) வந்து அது கீழே இறங்கிவிடுகிறது, எதை நம்பி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். டியர் லிஸ்ட்டை நம்பி எடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஒரு கிளாஸ் எவ்வளவு அடிக்கிறது என்பது சில வாரங்களில் மாறிவிடும். அந்தக் கிளாஸ் குழுவில் என்ன வேலை செய்கிறது, அந்த வேலையைச் செய்யும்போது உங்கள் கை என்ன செய்துகொண்டிருக்கும் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதைப் பார்த்து எடுங்கள்.

இதற்குப் பாலடின் என்ற புனித வீரர் கிளாஸை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2004 நவம்பரில் விளையாட்டு வந்தபோது, இரண்டு அணிகளில் ஒன்றான அலையன்ஸ் பக்கம் மட்டும்தான் பாலடின் உண்டு. பெரிய வாளைத் தூக்கிக்கொண்டு அடிக்கலாம் என்று ஆசையாக ரெட்ரிபியூஷன் (பாலடினின் அடிக்கும் பிரிவு) எடுத்தவர்களை ரெய்டில் (பெரிய குழுச் சண்டையில்) யாரும் சேர்க்கவில்லை. ‘துணி கியரை மாட்டிக்கொண்டு ஹீல் பண்ணு, எல்லாருக்கும் பிளெஸ்ஸிங் போடு’ என்பார்கள். அந்தப் பிளெஸ்ஸிங் ஐந்தே நிமிடம்தான் நிற்கும். 40 பேர் ரெய்டில் அது எப்படிப்பட்ட வேலை என்று நினைத்துப் பாருங்கள். 2008 அக்டோபரில் 3.0.2 பேட்ச் வந்தது. அதே ரெட்ரிபியூஷன் ஆளை நிற்கவே விடாமல் அடித்தது. சில வாரங்களிலேயே நெர்ஃப் செய்துவிட்டார்கள், அதாவது பலத்தைக் குறைத்துவிட்டார்கள். பிறகு 2023 மார்ச்சில் 10.0.7 பேட்ச்சில் மொத்தமாகத் திருத்தி எழுதினார்கள், திரும்பவும் எங்கு பார்த்தாலும் பாலடின். இந்த மூன்று காலத்திலும் பாலடின் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. பக்கத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவது. கவசம் போடுவார், கை வைத்துக் குணப்படுத்துவார், ஆசி கொடுப்பார். அது பிடித்துப் போய் எடுத்தவர்கள் எல்லாக் காலத்திலும் பாலடினாகவே இருந்தார்கள். 2008 அக்டோபரில் எண்ணிக்கையைப் பார்த்து ஓடி வந்தவர்களுக்கு டிசம்பரில் வேறு கிளாஸ் தேட வேண்டியிருந்தது.

டெத் நைட் என்ற கிளாஸின் கதையும் இதேதான். 2008 நவம்பரில் ராத் ஆஃப் தி லிச் கிங் என்ற எக்ஸ்பான்ஷனோடு (பெரிய விரிவாக்கத்தோடு) வந்தது. நேராக லெவல் 55-இல் ஆரம்பிக்கலாம் என்பதால் ஊரெல்லாம் டெத் நைட். ஆரம்பத்தில் மிதமிஞ்சிய பலத்தோடு இருந்தது, போகப் போகக் குறைத்தார்கள். 2023 ஜூலையில் வந்த ஆக்மென்டேஷன் எவோக்கர் இன்னும் புதிய கதை. மற்றவர்களின் அடியைக் கூட்டிக் கொடுப்பதே அதன் தொழில். மித்திக் பிளஸ் (ஐந்து பேர் சேர்ந்து ஆடும், கடினம் கூடிக்கொண்டே போகும் சண்டை) உயர்மட்டத்தில் அது இல்லாத குழுவே அரிது என்ற நிலை வந்தது. அதையும் பலமுறை குறைத்தார்கள்.

இப்படி ஏறி இறங்குவதில் இரண்டு வகை உண்டு. அடியின் அளவு கூடுவது, குறைவது ஒரு வகை. அதை யாராலும் கணிக்க முடியாது. இன்னொரு வகை, ஒரு கிளாஸிடம் மட்டுமே இருக்கும் திறமை. பர்னிங் குருசேட் எக்ஸ்பான்ஷனில் பிளட்லஸ்ட் (சற்று நேரம் வேகத்தைக் கூட்டும் மந்திரம்) ஷாமனிடம் மட்டும்தான் இருந்தது. அதுவும் போட்டவர் இருக்கும் ஐந்து பேர் பார்ட்டிக்குத்தான் கிடைக்கும். அதனால் 25 பேர் ரெய்டில் பார்ட்டிக்கு ஒரு ஷாமன் வேண்டும் என்று தேடினார்கள். ஷேடோ ப்ரீஸ்ட் தன் பார்ட்டிக்கு மானா (மந்திரம் போடத் தேவையான சக்தி) ஊட்டிக்கொண்டிருப்பார், அதற்காகவே அவருக்கு ஓர் இடம் நிச்சயம். ராத் வந்ததும் அந்த மானா வேலையைப் பல கிளாஸ்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2010 டிசம்பரில் கேட்டக்ளிஸம் வந்தபோது மேஜுக்கு அதே வேலையைச் செய்யும் டைம் வார்ப் கிடைத்தது, ஷாமனின் தனியுரிமை போயிற்று. பழைய வனில்லாவில் (எக்ஸ்பான்ஷன் எதுவும் வராத ஆரம்பப் பதிப்பில்) அலையன்ஸ் பக்கம் ஃபியர் வார்டு (பயமுறுத்தும் தாக்குதலைத் தடுக்கும் மந்திரம்) ட்வார்ஃப் ப்ரீஸ்ட்டுக்கு மட்டும்தான். அதற்காகவே குள்ள உருவத்தை எடுத்தவர்கள் எத்தனையோ பேர். அப்புறம் அதையும் எல்லா ப்ரீஸ்ட்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். ஆகவே ‘இந்தக் கிளாஸிடம் மட்டும் இது இருக்கிறது, என்னை விட்டால் ஆளில்லை’ என்ற கணக்கிலும் எடுக்கக் கூடாது என்பேன். அந்தத் தனியுரிமை ஓர் எக்ஸ்பான்ஷன் தாங்கினாலே பெரிது.

சரி, டியர் லிஸ்ட் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து. ஒன்று, சிமுலேஷன். தவறே செய்யாத ஒரு கற்பனை ஆட்டக்காரர் அசையாமல் நின்று அடித்தால் என்ன வரும் என்ற கணக்கு. இன்னொன்று, வார்கிராஃப்ட் லாக்ஸ் போன்ற தளங்களில் பதிவாகும் உண்மையான சண்டைகள். இரண்டாவதை நீங்களே திறந்து பாருங்கள். ஒரு பாஸை (பெரிய எதிரியை) எடுத்துக்கொண்டு, 99-ஆம் சதமானத்தில் (மிகத் திறமையாக ஆடுகிறவர்களிடம்) கிளாஸ்கள் எப்படி வரிசையாக இருக்கின்றன என்று பாருங்கள். பிறகு அதே பாஸை 50-ஆம் சதமானத்துக்கு, அதாவது நடுத்தர ஆட்டக்காரர்களுக்கு, மாற்றிப் பாருங்கள். வரிசையே பல இடங்களில் மாறிப்போகும். அதோடு, ஒரே கிளாஸில் 50-க்கும் 99-க்கும் இருக்கும் இடைவெளியையும் கவனியுங்கள். பக்கத்து பக்கத்து கிளாஸ்களுக்கு இடையே இருப்பதை விட அது எவ்வளவோ பெரிது. உலகத்தில் முதலில் முடிக்கப் போட்டிபோடும் கில்டுகளுக்கு (நிரந்தரக் குழுக்களுக்கு) ஐந்து சதவீதம் வாழ்வா சாவா. அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்தாறு கேரக்டரைத் தயாராக வைத்திருப்பவர்கள். வேலை முடிந்து வந்து ராத்திரி இரண்டு மணி நேரம் ஆடுகிறவருக்கு அந்த ஐந்து சதவீதத்தை விட, தரையில் வரும் நெருப்பிலிருந்து நேரத்துக்கு நகர்ந்தோமா என்பதே பெரிய விஷயம். பழகிய கிளாஸில்தான் கண் பொத்தானை விட்டு நிமிர்ந்து தரையைப் பார்க்கும்.

பிரபலமான கிளாஸை எடுப்பதில் யாரும் சொல்லாத செலவு ஒன்று இருக்கிறது, அது லூட், அதாவது எதிரி விழுந்ததும் கிடைக்கும் பொருள். இதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். 2019 ஆகஸ்டில் கிளாசிக் (பழைய விளையாட்டின் மறுவெளியீடு) வந்தபோது நான் வார்லாக் எடுத்தேன். அப்போது எல்லாரும் மேஜ் அல்லது வாரியர். மேஜ் கூட்டம் கூட்டமாக எதிரிகளை உறைய வைத்துத் தங்கம் சேர்ப்பார். வாரியர் நல்ல கியர் கிடைத்துவிட்டால் ரெய்டில் எல்லாரையும் தாண்டி அடிப்பார். வார்லாக்குக்கு மோல்டன் கோர் ரெய்டில் தரப்பட்ட வேலை சாபம் போடுவது, ஷேடோ போல்ட் விடுவது. பாஸ் மேல் 16 டீபஃப்தான் (எதிரி மேல் நிற்கும் தீய மந்திரம்) நிற்கும் என்பதால் கரப்ஷன் என்ற மந்திரத்தைப் போட்டால் கூடத் திட்டு விழும். ஆனால் வார்லாக் கியர் விழுந்தால் கேட்க ஆள் குறைவு. வாரியர்களோ ஒரு வாளுக்கு வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

2021 ஜூனில் பர்னிங் குருசேட் கிளாசிக் வந்தது, வார்லாக் உச்சிக்குப் போனது, எல்லாரும் வார்லாக் ஆனார்கள். அந்த எக்ஸ்பான்ஷனின் ஆரம்ப ரெய்டுகளில் செட் கியர் டோக்கனாக (கியராக மாற்றிக்கொள்ளும் சீட்டாக) விழும். ஹண்டர், மேஜ், வார்லாக் மூவருக்கும் ஒரே டோக்கன், மூன்றுமே அப்போது கூட்டம் அலைமோதிய கிளாஸ்கள். வாரியர், ப்ரீஸ்ட், ட்ரூயிட் சேர்ந்து இன்னொன்று, பாலடின், ரோக், ஷாமன் சேர்ந்து மூன்றாவது. கரஸான் ரெய்டில் க்யூரேட்டர் என்ற பாஸ் விழுந்து கையுறை டோக்கன் வந்தால் எங்கள் வகையில் கை தூக்காதவரே இருக்க மாட்டார். என் கிளாஸ் பலவீனமாக இருந்த காலத்தில் கியர் தானாக வந்தது, பலமாக இருந்த காலத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஒரு கிளாஸ் பட்டியலில் முதலில் இருக்கிறது என்றால் அதன் கியருக்கும், குழுவில் அதன் இடத்துக்கும் போட்டி அதிகம் என்றுதான் நான் வாசிப்பேன்.

அந்த இரண்டு காலத்திலும் வார்லாக்கையே வைத்திருந்ததற்குக் காரணம், ரெய்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம். சோல் ஷார்டு (வார்லாக்கின் சில மந்திரங்களுக்குத் தேவைப்படும் ஆன்மத் துண்டு) சேர்க்க வேண்டும். ஓர் எதிரி சாகும் நேரத்தில் ட்ரெய்ன் சோல் (ஆன்மாவை உறிஞ்சும் மந்திரம்) ஓடிக்கொண்டிருந்தால்தான் ஷார்டு கிடைக்கும். முன்னாலேயே செத்துவிட்டால் இல்லை. ஒரு ஷார்டு பையில் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும், ஒன்றன் மேல் ஒன்று அடுக்காது. சேர்த்து முடித்து மோல்டன் கோர் வாசலுக்குப் போய் நின்றால், வழியில் மாட்டிக்கொண்டவர்கள், ஏதோ ஒரு மூலையில் மீன் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரையும் ஒவ்வொருவராக வரவழைக்க வேண்டும். நான் சடங்கை ஆரம்பிப்பேன், இன்னும் இரண்டு பேர் வரவழைக்கும் மாயக் கதவைச் சொடுக்க வேண்டும். சொடுக்க ஆளில்லாமல் சாட்டில் கத்த வேண்டியிருக்கும். அப்புறம் ஹெல்த்ஸ்டோன் (உயிரைக் கூட்டும் கல்), அன்றைக்கெல்லாம் ஒவ்வொருவருக்கும் டிரேடு திறந்து கையில் கொடுக்க வேண்டும். கடைசியாக ஒரு ஹீலர் மேல் சோல்ஸ்டோன், மொத்தக் குழுவும் விழுந்தாலும் அவர் எழுந்து மற்றவர்களை எழுப்புவதற்காக. பலருக்கு இது எரிச்சலூட்டும் வேலை. எனக்கு இதுதான் விளையாட்டிலேயே பிடித்த நேரம். அடி எண்ணிக்கையில் பத்தாவதாக வந்தாலும் அந்த ரெய்டு என் கை பட்டுத்தான் கிளம்பியது.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும், அதைத்தான் தேடச் சொல்கிறேன். எப்படித் தேடுவது? முதலில் கிளாஸை விட்டுவிட்டு டேங்க் (எதிரியின் அடியைத் தாங்குகிறவர்), ஹீலர் (குணப்படுத்துகிறவர்), டிபிஎஸ் (அடிக்கிறவர்) மூன்றில் எது என்று முடிவு செய்யுங்கள். ஐந்து பேர் டஞ்சனில் (சிறு குழுச் சண்டையில்) ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூன்று டிபிஎஸ். ஆனால் ஆட வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு டிபிஎஸ்தான் வேண்டும். 2011-இல் 4.1 பேட்ச்சிலேயே, தட்டுப்பாடான வேலைக்கு வந்தால் கூடுதல் பரிசு என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள், அது கிடைத்தது பெரும்பாலும் டேங்க்குகளுக்குத்தான். இத்தனை ஆண்டுகளில் நிலைமை பெரிதாக மாறவில்லை. பட்டியலில் கடைசியில் இருக்கும் டேங்க்குக்குக் கூட உடனே டஞ்சன் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். கிளாசிக்கின் 40 பேர் ரெய்டில் மூன்று நான்கு டேங்க் போதும், அந்த இடங்கள் கில்டின் பழைய ஆட்களிடம் இருக்கும். அங்கே டஞ்சனுக்கு டேங்க், ரெய்டுக்கு டிபிஎஸ் அல்லது ஹீலர் என்று இருக்க வேண்டி வரலாம். அதனால்தான் முதல் கேரக்டருக்கு ட்ரூயிட், பாலடின் போன்ற பல வேலை தெரிந்த கிளாஸைச் சொல்வேன். ஒரு பேட்ச்சில் ஒரு வேலை படுத்துவிட்டாலும் அதே கேரக்டரில் இன்னொரு வேலை இருக்கும்.

பட்டியல் உண்மையிலேயே உறைக்கும் இடமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. முன்பின் தெரியாதவர்களோடு மித்திக் பிளஸ் போகும்போது, தலைவர் ஒரே இடத்துக்கு இருபது விண்ணப்பத்தைப் பார்ப்பார். யோசிக்க நேரமில்லாமல் பட்டியலில் மேலே இருக்கும் கிளாஸைச் சேர்ப்பார். பலவீனமான டிபிஎஸ் ஆக இருந்தால் அங்கே மனம் நோகும். அதற்கு மருந்து கிளாஸை மாற்றுவது இல்லை. சொந்தக் கீயை (மித்திக் பிளஸைத் தொடங்கும் சாவியை) வைத்து நீங்களே குழு அமையுங்கள், இல்லையென்றால் வாரம் இரண்டு நாள் சேர்ந்து ஆடும் சிறு கில்டில் சேருங்கள். தெரிந்தவர்கள் கிளாஸைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறார்கள்.

நம்மூரிலிருந்து ஆடுவதானால் பிங்கையும் (சர்வருக்குத் தகவல் போய்வரும் தாமதத்தையும்) கணக்கில் எடுங்கள். இந்தியாவில் இந்த விளையாட்டுக்குச் சர்வர் இல்லை. எதிரியின் மந்திரத்தைச் சட்டென்று தடுப்பதே முக்கியமான வேலையாக இருக்கும் கிளாஸில் தாமதம் உடனே தெரியும். தூரத்தில் நின்று நீளமாக மந்திரம் சொல்லும் கிளாஸ்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் ஃபைனல் ஃபேன்டஸி 14 இருக்கிறது. அங்கே ஒரே கேரக்டரில் எல்லா ஜாபும் கற்கலாம், ஆயுதத்தை மாற்றினால் ஜாப் மாறிவிடும்.

வார்கிராஃப்ட்தான் என்றால், ஸ்டார்டர் எடிஷனில் லெவல் 20 வரை இலவசம். மூன்று கேரக்டர் உருவாக்கி, ஒன்றில் டேங்க், ஒன்றில் ஹீலர், ஒன்றில் டிபிஎஸ் ஆக டஞ்சன் போய்ப் பாருங்கள். அடித்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம், லெவல் 20-இல் அது எதையும் சொல்லாது. குழு விழுந்து எழுந்து திரும்பவும் நடந்து வரும்போது, உங்களுக்கு எந்தக் கேரக்டரில் ‘அடுத்த தடவை இதை இப்படிச் செய்யலாம்’ என்று தோன்றுகிறது என்று கவனியுங்கள். அந்தக் கேரக்டருக்குச் சந்தா கட்டுங்கள்.