வாசகர் கேள்வி பதில்: நாற்பதுக்கு மேலே ஒரு கொரியக் காதல்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 44. மகளோடும் அம்மாவோடும் இருக்கிறேன். கணவர் தவறி ஆறு வருடமாகிறது. வேலை முடிந்து வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி வைத்த பிறகு இரவில் கொரிய டிராமா பார்ப்பேன். இருபது வயதுப் பிள்ளைகளின் காதல் மனசில் ஒட்டவில்லை. குழந்தை, கடன், குடும்பம் என்று எல்லாம் உள்ளவர்கள் காதலிக்கிற காமெடிக் கதைகள்தான் பிடிக்கின்றன. “இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்கிறார் அம்மா. நான் பார்ப்பது வெறும் கனவுதானா?
- வாசகி, செந்தூல்

பதில்: இன்று இரவே அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள் சகோதரி. 2023-இல் வந்த ‘க்ராஷ் கோர்ஸ் இன் ரொமான்ஸ்’ பார்த்துவிட்டீர்களா தெரியவில்லை, பார்த்திருந்தாலும் அம்மாவுக்காக இன்னொரு தடவை போடுங்கள். கதாநாயகி ஹேங்-சொன் ஒரு காலத்தில் தேசிய ஹேண்ட்பால் வீராங்கனை. அக்கா விட்டுவிட்டுப் போன குழந்தையை வளர்ப்பதற்காக விளையாட்டை விட்டுவிட்டு, கறி வகைகளை டப்பா டப்பாவாக அடுக்கி விற்கும் கடை நடத்துகிறாள். அந்தப் பெண் சித்தியையே அம்மா என்று கூப்பிட்டு வளர்கிறாள். கூடவே கவனித்துக்கொள்ள வேண்டிய ஒரு தம்பி. இவ்வளவும் நம் வீட்டுக் கதை மாதிரி இல்லையா?

அவள் வாழ்க்கையில் வருகிறவன் நாடே அறிந்த கணக்கு டியூஷன் வாத்தியார். பணம் கொட்டுகிறது, ஆனால் சோறு இறங்காது. எதைச் சாப்பிட்டாலும் வயிறு ஏற்காத அந்த மனுஷனுக்கு இவள் கட்டிக் கொடுக்கும் சாப்பாடு மட்டும் இறங்குகிறது. அவன் வறுமையில் படித்த காலத்தில் சோறு போட்டவர் இவளுடைய அம்மாதான் என்று பின்னால் தெரிய வரும். அந்த இடத்தில் உங்கள் அம்மா கண்ணைத் துடைப்பார், பாருங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். இருபது வயதுக் காதலில் இரண்டு பேர் இருந்தால் போதும், நாற்பது வயதுக் காதலில் வருகிறவன் ஒரு வீட்டுக்குள் வருகிறான், அங்கே ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறது, மாத்திரை சாப்பிடும் அம்மா இருக்கிறார், காலை ஐந்தரை மணிக்கு அடிக்கும் அலாரம் இருக்கிறது, இவ்வளவையும் சேர்த்து அவனுக்குப் பிடிக்க வேண்டும். நல்ல கொரிய டிராமாக்கள் இதைத்தான் விரிவாகக் காட்டுகின்றன. 2019-இல் வந்த ‘வென் தி கமீலியா புளூம்ஸ்’ கதையில் டோங்பேக் தனியாக மகனை வளர்த்துக்கொண்டு மதுக்கடை நடத்துகிறாள், ஊர் அவளைப் பேசாத பேச்சில்லை. போலீஸ்காரன் யோங்-சிக் அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறான். இருந்தும் மகன் பில்-கு, நான் அப்பாவோடு போய் இருக்கிறேன் என்று சொல்லும்போது அவள் காதலை நிறுத்திவிடுகிறாள். அவனை வெறுத்து இல்லை, பிள்ளை மனசு நோகிறதே என்றுதான். அவனும் சண்டை போடாமல் விலகி நிற்கிறான். எனக்கு அந்த விலகி நிற்றல்தான் காதலாகத் தெரிந்தது. பிறகு சேர்கிறார்கள், பயப்படாமல் பாருங்கள்.

கனவா என்று கேட்டீர்கள். என் சித்தி 51 வயதில் மறுமணம் செய்துகொண்டார், அதுவும் உங்கள் செந்தூலில்தான். அந்த சித்தப்பா சித்தியிடம் முதலில் கேட்ட கேள்வி, “வேலை எத்தனை மணிக்கு முடியும்?” அவ்வளவுதான். அதன் பிறகு மழை நாட்களில் எல்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டுக்குக் கீழே இரண்டு குடையோடு நிற்பார். ஒரு குடை போதாதா என்று நான் கேட்டதற்கு, உன் சித்திக்குத் தோள் நனைந்தால் சளி பிடிக்கும் என்றார். எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: இல்லை, கனவு இல்லை.

கேள்வி: மனைவியோடு சேர்ந்து நானும் பார்க்கிறேன். ஹீரோ எப்போதும் பணக்காரன், பல கதைகளில் பெண்ணைவிட இளையவன், வேலைக்குப் போகிற மாதிரியே தெரியவில்லை. கல்யாணமாகிப் பல வருடம் ஆனவர்களின் காதலை யாரும் எடுப்பதில்லையா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உங்கள் குறை நியாயமானது சார். பணக்காரன் வந்து கஷ்டத்தைத் தீர்க்கும் பழக்கம் அவர்களை இன்னும் விடவில்லை. பழைய டிராமாக்களில் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதைக் காதல் என்று காட்டுவார்கள், எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. மேலே சொன்ன டியூஷன் வாத்தியார் கதையில் நடுவில் இரும்பு உருண்டைகளை வீசிக் கொல்லும் ஒரு கொலைகாரன் வேறு வருகிறான். அது இல்லாமலே கதை நன்றாக இருந்திருக்கும்.

வயது விஷயத்தில் மட்டும் அவர்களைப் பாராட்ட வேண்டும். 2005-இல் ‘மை நேம் இஸ் கிம் சாம்-சுன்’ வந்தபோது கதாநாயகிக்கு அவர்கள் கணக்கில் 30 வயது, அதற்கே கல்யாண வயதைத் தாண்டியவள் என்று எல்லோரும் குத்திக் காட்டுவார்கள். பதினெட்டு வருடம் கழித்து, 1973-இல் பிறந்த ஜொன் டோ-யொன், கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கியவர், ஐம்பதைத் தொடும் நேரத்தில் அந்த ‘க்ராஷ் கோர்ஸ் இன் ரொமான்ஸ்’ காதல் காமெடிக்குக் கதாநாயகி. ஜோடி ஜங் கியங்-ஹோ அவரைவிடப் பத்து வருடம் இளையவர். நம் தமிழ் சினிமாவில் நாயகனுக்கு மட்டும் கிடைக்கிற சலுகை அங்கே நாயகிக்கும் கிடைத்திருக்கிறது.

கல்யாணமானவர்களுக்கு 2021-இன் ‘ஹோம்டவுன் சா-சா-சா’ பாருங்கள். பல் டாக்டர் கதாநாயகியின் காதலைவிட எனக்கு மீன் உணவகம் நடத்தும் ஹ்வா-ஜங்கும் அவளை விட்டுப் பிரிந்த கணவன் யோங்-குக்கும்தான் முக்கியம். பிரிந்த பிறகும் ஒரே சின்ன ஊரில், ஒரு மகனோடு, தினமும் முகத்தில் முழிக்க வேண்டியிருக்கிறது. பிரிவுக்குக் காரணம் சாக்ஸ் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், கழற்றும்போது உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி சுருட்டிப் போடுவானாம். அவள் மனசில் கிடந்தது வேறு, அவளைப் பற்றி அவன் பேசியதைக் காதால் கேட்ட வலி. சாக்ஸுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவனுக்குப் புரிய அத்தனை எபிசோட் ஆகிறது. மனைவியோடு சேர்ந்து பார்க்கும்போது அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, நம் வீட்டு சாக்ஸ் எது என்று அவரிடமே கேளுங்கள் சார்.

கேள்வி: வயது 37, விவாகரத்தாகிவிட்டது. இத்தனை வருடம் வீட்டில் இருந்துவிட்டு இப்போது வேலை தேடுகிறேன். கொரிய டிராமா பார்த்ததே இல்லை. எதில் ஆரம்பிக்கலாம்?
- வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ‘ரொமான்ஸ் இஸ் எ போனஸ் புக்’, 2019, பதினாறு எபிசோட். கதாநாயகி டான்-இக்கு வயது உங்கள் வயதுதான், அவளும் விவாகரத்தானவள், ஒரு மகள். ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு வேலை கிடைக்காமல், கடைசியில் தன் படிப்பை மறைத்து ஒரு பதிப்பகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்கிறாள். காதல் மெதுவாகத்தான் வரும், சின்ன வயதிலிருந்து தெரிந்தவனிடமிருந்து. அதைவிட, அவள் ஒரு புத்தகம் அச்சாகி வருவதைத் தொட்டுப் பார்க்கும் சந்தோஷம் உங்களுக்கு இப்போது தேவை என்று நினைக்கிறேன். முதல் எபிசோடில் வரும் நேர்காணல்கள் கொஞ்சம் நெஞ்சை அடைக்கும், அதனால் மறுநாள் உங்களுக்கு நேர்காணல் இருந்தால் அன்று இரவு போடாதீர்கள். வெள்ளிக்கிழமை ஆரம்பியுங்கள், முதல் இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுங்கள். வேலை கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.