கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணத்தால் ஊருக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

"எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பெனி வருடா வருடம் மரம் நடுகிறது, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு கொடுக்கிறது. இது நிஜமான அக்கறையா, போட்டோவுக்கா? எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நெல்லை மாவட்டம் கங்கைகொண்டான் பக்கம் ஓர் ஆலையில் சுற்றுச்சூழல் பிரிவில் வேலை பார்க்கிறேன். சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனி தன் லாபத்தில் ஒரு பங்கை எடுத்துச் செய்யும் சமூகப் பணி, அதுவும் எங்கள் பிரிவின் பொறுப்புதான். பயன் உண்டு, கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் திறப்பு விழா அன்றைக்குப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. மூன்றாம் வருடம் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள், தெரிந்துவிடும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், 135-ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். 2014 ஏப்ரலில் இருந்து இது நடைமுறையில் இருக்கிறது. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதனால் ஊர்க்காரர்கள் தயங்காமல் வந்து கேட்கலாம். தலைமை அலுவலகம் சென்னையிலோ மும்பையிலோ இருந்தால் நம் ஊர்த் தேவை அங்கே தானாகப் போய்ச் சேராது, கேட்டால்தான் உண்டு.

கம்பெனி தன் வழக்கமான தொழிலுக்காகச் செய்வதும், தன் ஊழியர்களுக்கு மட்டும் செய்வதும் இந்தக் கணக்கில் வராது. கழிவுநீரைச் சுத்திகரிப்பதும் புகைபோக்கியில் தூசியைப் பிடிப்பதும் 1974 நீர்ச் சட்டப்படியும் 1981 காற்றுச் சட்டப்படியும் உள்ள கடமை. அதைச் சேவை என்று யாராவது மேடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தாமிரபரணியை நம்பிப் பிழைக்கிற சீமை இது. இங்கே ஓர் ஆலை எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது, அதில் எவ்வளவைத் திரும்பப் பயன்படுத்துகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். மரக்கன்று, பெஞ்சு எல்லாம் அப்புறம். எங்களிடம் சுத்திகரித்த தண்ணீர் கூலிங் டவருக்கும் தோட்டத்துக்கும் போகிறது, ஷிப்டுக்கு ஷிப்டு மீட்டர் ரீடிங் எழுதி வைக்கிறோம். என் வேலையில் நான் பெரிதாக மதிப்பது அந்த நோட்டைத்தான்.

ஊருக்கு ஆர்.ஓ. பிளாண்ட் வைத்துக் கொடுப்பது எல்லாக் கம்பெனிகளுக்கும் பிடித்த வேலை. நல்ல வேலைதான். ஆனால் கரண்ட் பில் யார் கட்டுவது, ஃபில்டரும் மெம்பிரேனும் யார் மாற்றுவது, வெளியே வரும் உப்புத்தண்ணீர் எங்கே போவது என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். எழுதாத இடங்களில் பிளாண்ட் பூட்டிக் கிடப்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். மகளிர் குழுவிடம் ஒப்படைத்து, குடத்துக்கு இவ்வளவு என்று வாங்கி, அந்தப் பணத்திலேயே பராமரிக்கிற இடங்களில் இன்றைக்கும் தண்ணீர் வருகிறது.

நான் அதிகம் கற்றுக்கொண்டது குளத்து வேலையில். மானூர்ப் பக்கம் மழையை மட்டும் நம்பியிருக்கும் ஒரு மானாவாரிக் குளத்தைத் தூர்வார முடிவானது. ஜே.சி.பி.யை இறக்கிக் குளத்தின் நடுவே ஆழமாகத் தோண்டுவதாகத்தான் திட்டம். பார்க்கப் போனபோது, அந்தக் குளத்துப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கரையில் நின்றுகொண்டிருந்தார். "என்ன அண்ணாச்சி, எவ்வளவு ஆழம் தோண்டலாம்?" என்று கேட்டேன். "எவ்வளவு வேணும்னாலும் தோண்டுங்க தம்பி. மடைக்குக் கீழ நிக்கிற தண்ணி வயலுக்கு ஏறி வராதுல்லா. முதல்ல வரத்துக்காலைப் பாருங்க" என்றார்.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடைதான் வரத்துக்கால். அது நெடுகச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. ஓர் இடத்தில் பாதை போடுவதற்காக மண்ணைக் கொட்டி மேடாக்கி இருந்தார்கள். மழை பெய்தாலும் குளத்துக்குத் தண்ணீர் வர வழியே இல்லை. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் கதவு துருப்பிடித்து அசையவில்லை, குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் மறுகாலில் கல் பெயர்ந்திருந்தது. குளத்தின் நடுவில் தோண்டினால் ஆடுமாடு குடிக்கும், நிலத்தடியில் கொஞ்சம் இறங்கும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் பாசனம் நடக்க வேண்டும் என்றால் வரத்துக்கால், மடை, மறுகால் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். திட்டத்தை மாற்றி எழுதி, அனுமதி வாங்கி, பணத்தின் பெரும்பகுதியை அந்த மூன்றுக்கும் ஒதுக்கினோம். குளத்தில் எடுத்த வண்டலை, கரம்பை மண் என்போம், விவசாயிகள் வயலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வேலையை போட்டோவில் பார்த்தால் ஓடை சுத்தமாக இருப்பது மட்டும்தான் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் எத்தனை குளங்கள் உடைந்தன என்று பார்த்தவர்களுக்கு, கரையும் மறுகாலும் எவ்வளவு முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"மார்ச்சுக்குள் பணத்தை முடிக்கணும், அதனால்தான் அவசரம்" என்று கம்பெனித் தரப்பில் சொல்வார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். தொடர் திட்டம் என்று அறிவித்துவிட்டால், செலவாகாத பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்க 2021-இல் வந்த மாற்றம் வழி வைத்திருக்கிறது. கன்று நட்டுவிட்டு, தண்ணீர் ஊற்ற ஆள் போடாமல் விடுவதற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது.

சரி, நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனியின் ஆண்டறிக்கையில் சி.எஸ்.ஆர். இணைப்பு இருக்கும். எந்தத் திட்டம், எந்த மாவட்டம், எவ்வளவு செலவு, நேரடியாகவா வேறு அமைப்பு வழியாகவா என்று அதில் இருக்கும். பங்குச்சந்தையில் முதல் 1000 இடங்களில் உள்ள கம்பெனி என்றால், தண்ணீர், மின்சாரம், கழிவு, தொழிலாளர் விபத்து எல்லாவற்றின் கணக்கையும் 2022-23 முதல் தனி அறிக்கையாகக் கட்டாயம் கொடுக்க வேண்டும். இரண்டையும் டவுன்லோட் செய்து சேர்த்துப் படியுங்கள். தமிழில் கிடைப்பது அரிது, கல்லூரிப் பிள்ளைகள் யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கிராம சபையில் பேசுங்கள். "ஏதாவது செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பெஞ்சுதான் வரும். எந்தக் குளம், அதில் எந்த மடை, வரத்துக்கால் எங்கே அடைத்திருக்கிறது, முடித்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தீர்மானமாகவே எழுதி, அதன் நகலோடு ஆலைக்கு வாருங்கள். அப்படி ஒரு தாள் கையில் இருந்தால், தலைமை அலுவலகத்தில் உங்களுக்காக வாதாட என்னைப் போன்றவர்களுக்குப் பிடி கிடைக்கும்.